பீகாக் என்ற பெயருடைய போர்க்கப்பல்கள்

பீகாக் என்பது பிரித்தானியக் கடற்படையிலும் ஐக்கிய அமெரிக்கக் கடற்படையிலும் வெவ்வேறு காலங்களில் பல போர்க்கப்பல்களுக்குச் சூட்டப்பட்ட பெயராகும். ஆங்கிலத்தில் இச்சொல் ஆண் மயிலைக் குறிக்கும். இரு நாடுகள் தம் கப்பல்களுக்கு ஒரே பெயரைத் தனித்தனியே தேர்ந்தெடுப்பது உண்டு. இப்பெயர் அவ்வாறு அமையவில்லை. 1813 இல் நடந்த ஒரு கடற்சண்டையில் பிரித்தானியாவின் பீகாக் மூழ்கடிக்கப்பட்டது. வென்ற அமெரிக்கர்கள் அதே ஆண்டில் கட்டிய புதிய கப்பலுக்குத் தோற்ற கப்பலின் பெயரையே வைத்தனர். பிரித்தானியர் தம் பங்குக்கு, தாம் முன்பே கைப்பற்றியிருந்த ஓர் அமெரிக்கக் கப்பலின் பெயரைப் பீகாக் என்று மாற்றினர். இதனால் 1814 இல், ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த இரு கடற்படைகளிலும் ஒரே சமயத்தில் ஒரு பீகாக் இருந்தது.

பிரித்தானியக் கப்பல்களின் பெயருக்கு முன் எச்.எம்.எஸ். என்றும், அமெரிக்கக் கப்பல்களின் பெயருக்கு முன் யூ.எஸ்.எஸ். என்றும் எழுதுவது வழக்கம். ஒரே பெயருள்ள கப்பல்களைப் பிரித்தறிய இக்கட்டுரையிலும் அம்முறை பின்பற்றப்படுகிறது.

பெயரிடும் வழக்கம்

பாய்மரக் கப்பல் காலத்தில் பிரித்தானியக் கடற்படை தன் பெரிய கப்பல்களுக்கு அரச குடும்பத்தினர், கடவுளர், வீரம், வெற்றி ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்களைப் பெரும்பாலும் சூட்டியது. ஸ்லூப், பிரிக் போன்ற சிறிய வகைக் கப்பல்களுக்கு விலங்கு, பறவை, பூச்சி ஆகியவற்றின் பெயர்கள் மிகுதியாக வழங்கப்பட்டன. வேகமும் கூர்மையும் உடைய சிற்றுயிர்களின் பெயர்கள் ரோந்து செல்லவும் வணிகக் கப்பல்களைக் காக்கவும் பயன்பட்ட இத்தகைய கப்பல்களுக்குப் பொருந்தின. ஒரு கப்பல் அழிந்தால் அதன் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவதில்லை. சில ஆண்டுகளிலேயே மற்றொரு கப்பல் அப்பெயரைப் பெறும்.

எதிரியிடமிருந்து கைப்பற்றிய கப்பலை அதன் பழைய பெயராலேயே அழைப்பதும் அக்காலத்து வழக்கம். அந்தப் பெயர் வெற்றியின் சான்றாகக் கருதப்பட்டது. கெரியர் என்ற பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சுக் கப்பலாக இருந்த கெரியரை 1806 இல் பிரித்தானியர் கைப்பற்றி அதே பெயரில் பயன்படுத்தினர். 1812 இல் யூ.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் அதை அழித்தது. அமெரிக்கர்கள் 1814 இல் வெள்ளோட்டம் விட்ட தம் புதிய கப்பலுக்குக் கெரியர் என்றே பெயரிட்டனர். மூன்று நாட்டுக் கடற்படைகளில் ஒரு பெயர் இவ்வாறு வழங்கியது. பீகாக்கின் கதையும் இதே போரிலிருந்து தொடங்குகிறது.

எச்.எம்.எஸ். பீகாக் (1806–1813)

எச்.எம்.எஸ். பீகாக் 1806 டிசம்பரில் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் வெள்ளோட்டம் விடப்பட்டது. அது குரூசர் வகுப்பைச் சேர்ந்த, இரண்டு பாய்மரங்கள் கொண்ட, 18 பீரங்கிகளுக்காக வடிவமைக்கப்பட்ட பிரிக் ஸ்லூப். நெப்போலியப் போர்க்காலத்தில் இவ்வகுப்பில் நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன.

கப்பலின் தோற்றம் அதன் பெயருக்கு ஏற்றதாக இருந்தது. பளபளப்பாகத் துலக்கப்பட்ட உலோகப் பாகங்களும் வெண்துணி சுற்றிய பீரங்கிக் கயிறுகளுமாக அது மிகத் தூய்மையாகப் பேணப்பட்டது. இதனால் அதற்கு உல்லாசப் படகு என்ற பட்டப்பெயர் ஏற்பட்டிருந்ததாகப் பிரித்தானியக் கடற்படை வரலாற்றாசிரியர் வில்லியம் ஜேம்ஸ் எழுதியுள்ளார். இவ்வகுப்புக் கப்பல்களுக்கு வழக்கமாகத் தரப்படும் 32 பவுண்டுப் பீரங்கிகளுக்குப் பதிலாக, அதில் எடை குறைந்த 24 பவுண்டுப் பீரங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன.

1812 ஜூன் மாதம் அமெரிக்கா பிரித்தானியா மீது போர் அறிவித்தது. அமெரிக்கக் கப்பல்களிலிருந்து மாலுமிகளைப் பிரித்தானியர் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றதும், பிரான்சுடனான வணிகத்துக்கு அவர்கள் விதித்த தடைகளும் இப்போரின் முக்கியக் காரணங்கள். 1813 பிப்ரவரி 24 அன்று, தென் அமெரிக்காவின் இன்றைய கயானாவில் உள்ள டெமராரா ஆற்றுமுகத்துக்கு அருகே யூ.எஸ்.எஸ். ஹார்னெட் என்ற ஸ்லூப் பீகாக்கை எதிர்கொண்டது. ஹார்னெட் என்பதற்குப் பெருங்குளவி என்று பொருள். அதன் தலைவர் ஜேம்ஸ் லாரன்ஸ். பீகாக்கின் தலைவர் வில்லியம் பீக்.

சண்டை கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே நடந்தது. ஹார்னெட்டின் குண்டுகள் பீகாக்கின் உடலைத் துளைத்தன. பீக் கொல்லப்பட்டார். கொடியை இறக்கிச் சரணடைந்தபோது கப்பலின் அடித்தளத்தில் ஏறத்தாழ ஆறு அடி நீர் நிறைந்திருந்தது. ஓட்டைகளை அடைத்துக் கப்பலைக் காப்பாற்ற இரு தரப்பு மாலுமிகளும் சேர்ந்து முயன்றனர். அவர்கள் உள்ளே இருக்கும்போதே பீகாக் மூழ்கியது. பிரித்தானிய மாலுமிகளுடன் மூன்று அமெரிக்கர்களும் உயிரிழந்தனர். அவ்விடத்தில் கடல் ஆழம் குறைவு. நீருக்கு மேலே நின்ற பாய்மரத்தில் ஏறிச் சிலர் தப்பினர்.

உடைமைகளை இழந்த பிரித்தானியக் கைதிகளுக்கு ஹார்னெட்டின் மாலுமிகள் தம் உடைகளைப் பகிர்ந்தளித்தனர். பீகாக்கின் எஞ்சிய அதிகாரிகள் இதற்கு நன்றி தெரிவித்து லாரன்சுக்குக் கடிதம் எழுதினர். அக்கடிதம் நியூயார்க்கில் வெளியிடப்பட்டது.

பின்னர் பிரித்தானியக் கடற்படையின் இராணுவ நீதிமன்றம் கப்பல் இழப்பை விசாரித்தது. எஞ்சியவர்களின் துணிவில் குறை காணாமல் அவர்களை விடுவித்தது. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளாகப் பீரங்கிப் பயிற்சி புறக்கணிக்கப்பட்டதால் மாலுமிகளுக்குக் குறிபார்த்துச் சுடும் திறன் இல்லாமற்போனது என்று அது குறிப்பிட்டது. கப்பலைத் துலக்குவதில் காட்டிய அக்கறை பீரங்கிப் பயிற்சியில் காட்டப்படவில்லை என்ற கருத்து இதனால் நிலைபெற்றது. அக்காலப் போர்க்கப்பல்களின் தோல்விக்கு எண்ணிக்கையை விடப் பயிற்சிக் குறைவே காரணமாவதைக் காட்ட இச்சண்டை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

இரு தரப்பிலும் ஒரு பீகாக்

1813 மார்ச் மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் ஆறு புதிய ஸ்லூப்களைக் கட்ட அனுமதி அளித்தது. அவற்றுள் மூன்றுக்கு வைக்கப்பட்ட பெயர்கள் வாஸ்ப், புரோலிக், பீகாக் என்பன. முந்தைய வாஸ்ப் 1812 அக்டோபர் 18 அன்று எச்.எம்.எஸ். புரோலிக்கை வென்றது. ஆனால் சேதமடைந்திருந்த நிலையில், அதே நாளில் எச்.எம்.எஸ். பொய்க்டியர்ஸ் என்ற பெரிய கப்பலிடம் சிக்கியது. புரோலிக்கும் மீட்கப்பட்டது. இவ்வாறு, புதிய ஸ்லூப்களில் ஒன்று அமெரிக்கா இழந்த கப்பலின் பெயரையும், மற்ற இரண்டும் அமெரிக்காவிடம் தோற்ற பிரித்தானியக் கப்பல்களின் பெயர்களையும் தாங்கின.

யூ.எஸ்.எஸ். பீகாக்கை நியூயார்க்கில் ஆடம் பிரவுன், நோவா பிரவுன் என்ற சகோதரர்கள் கட்டினர். 1813 ஜூலையில் தொடங்கிய வேலை விரைவாக நடந்து, செப்டம்பர் 19 அன்று கப்பல் வெள்ளோட்டம் விடப்பட்டது. மூன்று பாய்மரங்களும் 22 பீரங்கிகளும் கொண்ட இக்கப்பல், தான் பெயர்பெற்ற பிரித்தானியக் கப்பலை விடப் பெரியது, வலிமை மிக்கது.

பிரித்தானியர் கைப்பற்றிய பழைய வாஸ்ப்புக்கு முதலில் லூப் செர்வியே என்று பெயரிட்டிருந்தனர். அது லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனை இனத்தின் பிரெஞ்சுப் பெயர். டெமராராவில் பீகாக்கை இழந்தபின் அக்கப்பலுக்குப் பீகாக் என்று பெயர் மாற்றினர். அமெரிக்காவில் கட்டப்பட்டு, குளவியின் பெயரால் அறியப்பட்ட அக்கப்பல் மயிலின் பெயருடன் அமெரிக்கக் கரைக்கே அனுப்பப்பட்டது. 1814 இல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் அது காணாமற்போனது. மாலுமிகள் எவரும் திரும்பவில்லை; கடலில் மூழ்கியிருக்கும் என்று முடிவு செய்யப்பட்டது.

அமெரிக்காவின் புதிய ஸ்லூப்களிலும் அனைத்தும் நிலைக்கவில்லை. 1814 ஏப்ரலில் புரோலிக்கைப் பிரித்தானியர் பிடித்து, புளோரிடா எனப் பெயர் மாற்றினர். வாஸ்ப் சில வெற்றிகளுக்குப் பின் அதே ஆண்டில் அட்லாண்டிக்கில் தடயமின்றி மறைந்தது. மூன்றில் பீகாக் மட்டுமே போருக்குப் பின்னும் அமெரிக்கக் கொடியுடன் எஞ்சியது.

எப்பர்வியருடன் சண்டை

லூயிஸ் வாரிங்டன் தலைமையில் 1814 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட யூ.எஸ்.எஸ். பீகாக், ஏப்ரல் மாத இறுதியில் புளோரிடாவின் கனவரால் முனைக்கு அப்பால் எச்.எம்.எஸ். எப்பர்வியரைச் சந்தித்தது. எப்பர்வியர் என்பதும் பறவைப் பெயரே. சிறு பறவைகளை வேட்டையாடும் வல்லூறு இனம் ஒன்றின் பிரெஞ்சுப் பெயர் அது. அவானாவிலிருந்து வந்த வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் சென்ற அப்போர்க்கப்பலில் ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் இருந்தன.

இதுவும் மூழ்கிய பீகாக்கைப் போன்றே குரூசர் வகுப்புக் கப்பல். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடந்த சண்டையில் எப்பர்வியரின் உடலில் 45 குண்டுத் துளைகள் விழுந்தன. அதன் பீரங்கிகளைத் தளத்துடன் பிணைத்திருந்த பூட்டாணிகள் பெயர்ந்துவந்ததால் அவற்றைச் சரிவரச் சுட முடியவில்லை. பீகாக்கின் உடலில் ஒரு குண்டும் பாயவில்லை. மாலுமிகளில் இருவர் மட்டும் காயமடைந்தனர். கைப்பற்றப்பட்ட கப்பல் சவானா துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இவ்வெற்றிக்காகக் காங்கிரஸ் வாரிங்டனுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

எப்பர்வியரும் தன் பெயரை மாற்றாமலே அமெரிக்கக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 1815 கோடையில் அல்ஜியர்சுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏந்தி மத்தியதரைக் கடலிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அக்கப்பல் வழியில் மறைந்துபோனது.

பீகாக் தன் அடுத்த பயணத்தில் அயர்லாந்து, ஸ்பெயின் கரைகள் வரை சென்று 14 பிரித்தானியக் கப்பல்களைப் பிடித்தபின் 1814 அக்டோபரில் நியூயார்க் திரும்பியது.

அமைதிக்குப் பின் நடந்த சண்டை

1814 டிசம்பர் 24 அன்று பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. செய்தி கப்பலில்தான் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். அது அமெரிக்காவை எட்டும் முன்பே, 1815 ஜனவரியில் பீகாக்கும் ஹார்னெட்டும் இந்தியப் பெருங்கடலை நோக்கிப் புறப்பட்டன.

உடன்படிக்கையை எழுதியவர்கள் இத்தகைய தாமதத்தை எதிர்பார்த்திருந்தனர். உடன்படிக்கை ஏற்பளிக்கப்பட்ட நாளிலிருந்து எத்தனை நாட்களுக்குப் பிறகு பிடிக்கப்படும் கப்பல்களைத் திருப்பித் தர வேண்டும் என்று, கடற்பகுதிக்கு ஏற்றவாறு வெவ்வேறு கெடு விதித்திருந்தனர். தொலைவான கடலுக்கு நீண்ட கெடு தரப்பட்டது. மிக நீண்ட கெடு 120 நாட்கள். அமெரிக்கா 1815 பிப்ரவரி 17 அன்று ஏற்பளித்தது.

மார்ச் 23 அன்று தென் அட்லாண்டிக்கின் திரிஸ்தான் ட குன்யா தீவுக்கு அருகே ஹார்னெட் எச்.எம்.எஸ். பெங்குயினை வென்றது. அப்பகுதிக்கான கெடு அப்போது முடிந்திருக்கவில்லை. பீகாக்கின் நிலை வேறு. அது தனியே கிழக்கு நோக்கிச் சென்று சில வணிகக் கப்பல்களைப் பிடித்தபின், ஜூன் 30 அன்று ஜாவா, சுமத்ரா தீவுகளுக்கு இடையே உள்ள சுந்தா நீரிணையில் நாட்டிலஸ் என்ற கப்பலை எதிர்கொண்டது. நாட்டிலஸ் பிரித்தானிய அரசுக் கடற்படைக்குச் சொந்தமானதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படையான பம்பாய் மரீனைச் சேர்ந்த 14 பீரங்கிக் கப்பல் அது. அளவிலும் வலிமையிலும் பீகாக்குக்கு ஈடாகாது.

நாட்டிலசின் தலைவர் லெப்டினன்ட் சார்லஸ் பாய்ஸ், போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அப்படியானால் சான்றாகக் கொடியை இறக்கும்படி வாரிங்டன் கேட்டார். அமைதிக் காலத்தில் கொடியை இறக்கும் தேவை இல்லை என்பதால் பாய்ஸ் மறுத்தார். பீகாக் சுட்டது. சில நிமிடங்களில் நாட்டிலஸ் அடங்கியது. அதில் இருந்த ஐரோப்பியர்களுடன் லாஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகளும் உயிரிழந்தனர். பாய்ஸ் ஒரு காலை இழந்தார். உடன்படிக்கை பற்றிய சான்றுகளைப் பார்த்தபின் வாரிங்டன் மறுநாளே கப்பலை விடுவித்தார்.

இச்சண்டையே 1812 போரின் கடைசிக் கடற்சண்டையாகக் கருதப்படுகிறது. அப்போது எந்தக் கடலுக்கான கெடுவும் மீதமிருக்கவில்லை. போர் முடிந்தது வாரிங்டனுக்குத் தெரியுமா, எதிரி சொன்னதை அவர் நம்பியிருக்க வேண்டுமா என்பன அன்றே விவாதத்துக்கு உள்ளாயின. பிரித்தானிய எழுத்தாளர்கள் இதை வேண்டுமென்றே செய்த கொலை என்று சாடினர். எதிரி தப்புவதற்காகச் சொல்லும் பொய்யாகவும் அது இருக்கலாம் என்று வாரிங்டனின் தரப்பு கருதியது. எனினும் பாய்ஸ் கொடியை இறக்கச் செய்வது அன்றி, ஓர் அதிகாரியை அனுப்பிச் சான்றைப் பார்க்கும் வழியும் அவருக்கு இருந்தது. சண்டைக்குப் பின் அவர் செய்தது அதுவே.

தூதுக் கப்பலாக

போருக்குப் பின் பீகாக் மத்தியதரைக் கடலிலும், கரிபியக் கடலில் கொள்ளையரை ஒடுக்கும் பணியிலும், பின்னர் பசிபிக் பெருங்கடலிலும் பயன்பட்டது. 1826 டிசம்பரில் அதன் தலைவர் தாமஸ் ஆப் கேட்ஸ்பி ஜோன்ஸ் ஹொனலுலுவில் ஹவாய் அரசுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்.

1827 இல் பணியிலிருந்து நீக்கப்பட்ட கப்பல் நியூயார்க்கில் பிரிக்கப்பட்டு, 1828 இல் அதே பெயரில் மீண்டும் கட்டப்பட்டது. திட்டமிடப்பட்டிருந்த ஓர் ஆய்வுப் பயணத்துக்காகவே இவ்வேலை நடந்தது. ஆனால் அப்பயணம் அப்போது கைவிடப்பட்டது. 1828 க்குப் பிந்தைய கப்பலைப் பழைய கப்பலின் தொடர்ச்சி என்றும், புதிய கப்பல் என்றும் இரு விதமாகக் கணக்கிடுவது உண்டு.

1832 இல் அமெரிக்க அரசு எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற வணிகரைத் தூதராக்கி, டேவிட் கெய்சிங்கரின் தலைமையில் இருந்த பீகாக்கில் ஆசியாவுக்கு அனுப்பியது. கொச்சின் சீனா எனப்பட்ட வியட்நாமில் பேச்சு பயனளிக்கவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் கடிதம் பேரரசரை எப்படி விளிக்க வேண்டும் என்பது போன்ற மரியாதை முறைகளிலேயே பேச்சு முடங்கியது. அடுத்துச் சென்ற சயாமில் 1833 மார்ச் 20 அன்று நட்பு, வணிக உடன்படிக்கை கையெழுத்தானது. ஆசிய நாடு ஒன்றுடன் அமெரிக்கா செய்த முதல் உடன்படிக்கை என்று இது குறிப்பிடப்படுகிறது. செப்டம்பர் 21 அன்று மஸ்கட் சுல்தான் சையது பின் சுல்தானுடனும் உடன்படிக்கை ஏற்பட்டது.

ஏற்பளிக்கப்பட்ட ஆவணங்களைப் பரிமாற 1835 இல் பீகாக் மறுபடியும் புறப்பட்டது. செப்டம்பரில் ஓமன் கரைக்கு அருகே மசீரா தீவின் பவளத் திட்டில் அது மோதிச் சிக்கியது. எடையைக் குறைக்கப் பீரங்கிகள் பலவற்றைக் கடலில் எறிந்த பிறகே கப்பல் மிதந்தது. மூழ்கிய பீரங்கிகளைச் சுல்தான் பின்னர் மீட்டுத் தந்தார். கப்பல் மஸ்கட்டிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து கொழும்பு வழியாகக் கிழக்கு நாடுகளுக்கும் சென்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் நாட்டிலசைச் சுட்ட கப்பலின் பெயரைத் தாங்கிய கலம், நாட்டிலசின் உரிமையாளரான கம்பெனி ஆண்ட துறைமுகத்திலேயே இப்போது விருந்தினராக நின்றது. மயில் இயற்கையாக வாழும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மயிலின் பெயருடைய இக்கப்பல் வந்ததும் இப்பயணத்தில்தான். கப்பல் மருத்துவர் வில்லியம் ருஷன்பர்கர் இப்பயணத்தை நூலாக எழுதி 1838 இல் வெளியிட்டார். ராபர்ட்ஸ் நாடு திரும்பவில்லை. 1836 ஜூனில் மக்காவில் நோயால் இறந்தார்.

ஆய்வுப் பயணமும் முடிவும்

1838 ஆகஸ்டில் சார்லஸ் வில்க்ஸ் தலைமையில் அமெரிக்க ஆய்வுப் பயணம் தொடங்கியது. ஆறு கப்பல்களில் பீகாக் ஒன்று; அதன் தலைவர் வில்லியம் ஹட்சன். கடற்காகம் என்ற பொருள்படும் சீ கல் என்னும் சிறு கப்பலும் இப்படையில் இருந்தது. அது 1839 இல் சிலி நாட்டுக் கரைக்கு அப்பால் தன் மாலுமிகளுடன் காணாமற்போனது.

1840 ஜனவரியில் அண்டார்க்டிக் கடலில் பீகாக் பனிக்கட்டிகளிடையே சிக்கி ஒரு பனிப்பாறையில் மோதியது. சுக்கான் உடைந்தது. தச்சர்கள் அதைக் கப்பலின் தளத்தில் வைத்தே செப்பனிட்டனர். பனியிலிருந்து மீண்ட கப்பல் சிட்னி சென்று பழுது நீக்கிக்கொண்டது.

அறிவியல் பயணமாக இருப்பினும் இது அமைதியான பயணமாக மட்டும் அமையவில்லை. 1841 ஏப்ரலில், இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த தபிடேயூயா தீவில் ஒரு மாலுமி காணாமற்போனார். ஹட்சனின் ஆணைப்படி படகுகளில் சென்றவர்கள் தீவினரைச் சுட்டனர், குடியிருப்பை எரித்தனர். தீவினர் பலர் இறந்தனர்.

சில மாதங்களில் பீகாக்கின் காலமும் முடிந்தது. 1841 ஜூலை 18 அன்று, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலம்பியா ஆற்றுமுகத்தில் நுழைய முயன்றபோது கப்பல் மணல்திட்டில் ஏறியது. ஆற்றின் நீரோட்டமும் பசிபிக்கின் அலைகளும் எதிரெதிராக மோதும் அவ்விடத்தில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மறுநாள் படகுகள் மூலம் அனைவரும் கரை சேர்க்கப்பட்டனர். உயிர்ச்சேதம் இல்லை. அளவீட்டு ஆவணங்களும் காப்பாற்றப்பட்டன. ஆனால் கப்பலும், இயற்கை ஆய்வாளர் டிஷியன் பீல் உள்ளிட்டோர் சேகரித்து வைத்திருந்த மாதிரிகளும் அழிந்தன.

கொலம்பியா ஆற்றுமுகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, வடக்கே பூஜெட் சவுண்டின் ஆழமான துறைமுகங்கள் அமெரிக்காவுக்குத் தேவை என்று வில்க்ஸ் வலியுறுத்தினார். இந்த விபத்து அவர் கருத்துக்குச் சான்றாயிற்று. அப்பகுதி 1846 இல் பிரித்தானியாவுடன் செய்த உடன்படிக்கையால் அமெரிக்காவுக்குக் கிடைத்தது. கப்பல் உடைந்த மணல்திட்டு இன்றும் பீகாக் திட்டு என்றே வரைபடங்களில் குறிக்கப்படுகிறது.

பிற்காலக் கப்பல்கள்

அமெரிக்கக் கடற்படை முதல் உலகப் போரின்போது தொடங்கி, கடற்கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களுக்குப் பறவைகளின் பெயர்களைச் சூட்டியது. அதனால் பீகாக் என்ற பெயர் மீண்டும் வந்தது. ஆள்காட்டிக் குருவியின் பெயரால் அமைந்த லாப்விங் வகுப்பைச் சேர்ந்த யூ.எஸ்.எஸ். பீகாக் 1919 இல் கடற்படையில் சேர்ந்தது. 1940 இல் பனாமா கால்வாய்ப் பகுதிக்கு அருகே ஒரு வணிகக் கப்பலுடன் மோதி அது மூழ்கியது. 1950களில் கட்டப்பட்ட கரையோரக் கண்ணிவாரிக் கப்பல் ஒன்றும் இப்பெயரைப் பெற்றது. காந்தக் கண்ணிகள் வெடிக்காதிருக்க அவ்வகைக் கப்பல்களின் உடல் மரத்தால் செய்யப்பட்டது.

பிரித்தானியக் கடற்படையில் 1888 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட ஒரு பீரங்கிப் படகும், இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்லூப் ஒன்றும் பீகாக் என்ற பெயரில் பணியாற்றின. பிந்தியது கருப்பு அன்னத்தின் பெயருடைய பிளாக் ஸ்வான் வகுப்பின் திருத்திய வடிவம். ஆர்க்டிக் கடல் வழியாகச் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்ற வணிகக் கப்பல்களுக்கு அது துணை சென்றது. 1944 செப்டம்பரில் யூ-394 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை மூழ்கடித்த கப்பல்களில் அதுவும் ஒன்று.

கடைசி எச்.எம்.எஸ். பீகாக் ஹாங்காங் ரோந்துக்காக 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் கட்டப்பட்டது. பீகாக் வகுப்பு எனப்படும் அந்த ஐந்து கப்பல்களும் பறவைகளின் பெயரைக் கொண்டவை. செலவில் பெரும்பகுதியை ஹாங்காங் அரசு ஏற்றது. கடத்தலையும் சட்டத்துக்குப் புறம்பான குடியேற்றத்தையும் தடுப்பது அவற்றின் முக்கியப் பணி. இவற்றுள் ஸ்வாலோ, ஸ்விப்ட் ஆகிய இரண்டும் 1988 இல் அயர்லாந்துக்கு விற்கப்பட்டு, கியாரா, ஓர்லா என்ற பெண் பெயர்களைப் பெற்றன. 1997 இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டதும் மற்ற மூன்றையும் பிலிப்பீன்ஸ் வாங்கியது. பீகாக் அங்கே எமிலியோ ஹசிந்தோ ஆயிற்று. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கதிபுனான் புரட்சி இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர் அவர்.

பெயர் வைத்துக்கொள்ளப்படுவதும் மாற்றப்படுவதும்

இக்கப்பல்களின் வரலாற்றில் பெயர் எப்போது நிலைக்கிறது, எப்போது நீங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. 1813 இல் கடலடியில் கிடந்த கப்பலை அமெரிக்கர்களால் கொண்டுவர முடியவில்லை. அவர்களால் எடுத்துக்கொள்ள முடிந்தது பெயரை மட்டுமே. எதிரி இட்ட பெயரை மாற்றாமல் வைத்திருப்பதே அவர்களுக்குப் பெருமை. பிரித்தானியரோ, கைப்பற்றிய கப்பலின் மூலம் அப்பெயரைத் தம் பட்டியலில் மீண்டும் சேர்த்தனர். இரு தரப்பும் ஒரு பெயருக்காக முனைந்தது, அது போரின் நினைவைச் சுமந்ததால்தான்.

1997 இல் கைமாறியது கப்பல். பெயர் அதனுடன் செல்லவில்லை. விலை கொடுத்து வாங்கிய கப்பலின் பழைய பெயர் வாங்கியவருக்கு எந்த வெற்றியையும் நினைவூட்டாது. குடியேற்ற ஆட்சியை எதிர்த்த ஒருவரின் பெயரே பிலிப்பீன்சுக்கு அதனினும் பொருளுடையதாக இருந்தது. அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல்களில் இப்பெயர் ஒரு பறவைப் பட்டியலின் பகுதியாகவே வந்தது. அதற்குள் டெமராராவில் இறந்தவர்களும், சுந்தா நீரிணையில் அமைதிக்குப் பின் இறந்தவர்களும் பெயரின் பின்னணியிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டனர்.